கை பம்பை அடித்தது யார்?

இதைப் படித்துவிட்டு, டிரைவர் அன்றைக்கு எதையாவது ஊற்றியிருப்பான் என்று சொல்லப் போகிறவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். நான் குடிக்கிற ஆள் இல்லை. ஸ்டாண்டில் யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால் எழுந்து போய் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பேன். திண்டுக்கல் கார் ஸ்டாண்டில் மிக்கேல்ராஜ் எப்படிப்பட்டவன் என்று கேட்டுப் பாருங்கள். ஆனாலும் இது நடந்தது. எனக்கே நடந்தது.

1997 டிசம்பர். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருந்தது. மதுரையில் ஒரு சவாரியை இறக்கிவிட்டு, காலி வண்டியாகத் திரும்ப மனமில்லாமல் ஒரு ஆஸ்பத்திரிப் பக்கம் நின்றிருந்தேன். என் டீசல் அம்பாசடரைப் பார்த்ததும் ஓர் இளைஞன் ஓடி வந்தான். பெயர் மூக்கையா. வேடசந்தூரில் ஜவுளிக்கடையில் வேலை. அவனுடைய அக்கா புருஷன் நாச்சிமுத்துவை, இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

நாச்சிமுத்துவை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். நாற்பத்தைந்து வயதுதான் இருக்கும். உடம்பு வற்றிக் கிடந்தது. கால் மட்டும் வீங்கியிருந்தது. பின் சீட்டில் அவருடைய மனைவி மகேஸ்வரி ஏறி உட்கார்ந்து, தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். கழுத்து வரை போர்வையை இழுத்து மூடினாள்.

மூக்கையா என்னைத் தனியே கூப்பிட்டான்.

"அண்ணே, எங்க ஊரு வழக்கம் உங்களுக்குத் தெரியும்ல. வெளியில உசுரு போச்சுன்னா வீட்டுக்குள்ள கொண்டுபோக விடமாட்டாக. தெருவுலயே வச்சு, தெருவுலருந்தே தூக்கிருவாக. அந்த வீட்ட மச்சான் தன் கையால கட்டுனாருண்ணே. எப்படியாச்சும் உசுரோட சேத்துருங்க."

அவன் சொன்னது புரிந்தது. ஆனாலும் கண்டிப்பாகப் பேசினேன். அப்போதெல்லாம் நான் அப்படித்தான்.

"வேகமாப் போறேன் தம்பி. ஆனா ஒண்ணு. வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா வண்டியத் திருப்பிருவேன். பொணத்த ஏத்துற வண்டி இல்ல இது. போலீசு, கேசுன்னு என்னால அலைய முடியாது."

பின்கதவுக் கண்ணாடி இறக்கியிருந்தது. மகேஸ்வரி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

நாலு மணிக்குக் கிளம்பினோம். வழி நெடுக அந்த மனிதரின் மூச்சு கேட்டுக்கொண்டே வந்தது. கர்ர்... கர்ர்... டீசல் வண்டிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அது கேட்கிற வரைக்கும் நிம்மதி என்று நினைத்துக்கொண்டு மிதித்தேன். திண்டுக்கல்லில் என் தெரு வழியாகவே போனேன். வீட்டில் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் குடில் கட்டிக்கொண்டிருப்பார்கள். நிறுத்தவில்லை.

தாடிக்கொம்பைத் தாண்டும்போது நன்றாக இருட்டிவிட்டது. அகரம் பிரிவைக் கடந்து கொஞ்ச தூரம் போன பிறகுதான் கவனித்தேன். மூச்சுச் சத்தம் கேட்கவில்லை.

"தங்கச்சி, எப்படி இருக்காரு?"

போர்வையை இழுத்துவிடுகிற சத்தம் கேட்டது.

"தூங்குறாகண்ணே. நீங்க போங்க."

அந்தக் குரல் என்னவோபோல் இருந்தது. திரும்பிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அந்த நேரம் எதிரே ஒரு மில் பஸ், முழு வெளிச்சத்தையும் என் கண்ணில் அடித்துக்கொண்டு வந்தது.

டமார்!

வண்டிக்கு அடியில் எதுவோ இடித்து உருண்டது. நம் ஊர் லாரிக்காரர்களின் புத்தி உங்களுக்குத் தெரியும். வண்டி பழுதாகி நின்றால் பின்னால் வருகிறவனுக்கு எச்சரிக்கையாக ரோட்டில் வரிசையாகக் கல்லை வைப்பார்கள். பழுது பார்த்ததும் ஏறிப் போய்விடுவார்கள். கல் அங்கேயே கிடக்கும். அப்படி ஒரு கல்தான்.

இருநூறு அடி ஓடியிருக்கும். இன்ஜின் இரண்டு முறை திக்கியது. நின்றுவிட்டது. மணி 6.50.

சுற்றிலும் சோளக்காடு. ஒரு விளக்கு இல்லை.

சாவியைத் திருப்பினேன். இன்ஜின் நன்றாகவே சுற்றியது. பேட்டரியில் குறை இல்லை. மறுபடி திருப்பிக்கொண்டே மூக்கையாவைப் பின்னால் போய்ப் பார்க்கச் சொன்னேன்.

"சைலன்சர்ல புகை வருதா?"

"ஒண்ணும் வரலண்ணே."

புகை இல்லையென்றால் டீசல் இன்ஜினுக்குள் போகவில்லை. பானெட்டைத் தூக்கினேன். டீசல் பில்டர் தலையில் இருக்கிற சின்ன ஸ்குரூவை ஸ்பேனரால் தளர்த்திவிட்டு, இன்ஜின் பக்கவாட்டில் இருக்கிற கை பம்பை அடித்தேன். கிச்... கிச்... நுரைதான் வந்தது. நுரை வந்தால் எங்கேயோ காற்றை இழுக்கிறது என்று அர்த்தம். டீசல் வண்டிக்குள் காற்று புகுந்துவிட்டால், அதை வெளியேற்றாமல் சாமி வந்தாலும் ஸ்டார்ட் ஆகாது.

டிக்கியிலிருந்து சாக்கையும் பழைய சைக்கிள் டியூபையும் எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்தேன். டார்ச்சு மங்கலாக எரிந்தது. கையால் தடவிக்கொண்டே போனேன். டேங்கிலிருந்து முன்னால் வருகிற பைப் ஓரிடத்தில் நசுங்கி, விரலில் ஈரம் பட்டது. கீறல் விட்டிருந்தது.

மேலே மகேஸ்வரி பேசுவது கேட்டது.

"இந்தா வந்துட்டோம்ங்க. செத்த நேரம் பொறுத்துக்கங்க. நம்ம வீடு வந்துரும்."

டியூபை வார் வாராகக் கிழித்துக் கீறல் மேல் இறுக்கிச் சுற்றினேன். வெளியே வந்து பம்பை அடித்துப் பார்த்தேன். நுரை குறைந்திருந்தது, ஆனால் நிற்கவில்லை. சுற்றிய டியூபில் எங்கேயோ ஓட்டை. இதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவன் பம்பை அடிக்க, இன்னொருவன் அடியில் படுத்துக் காற்று எங்கே இழுக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மறுபடி காருக்கு அடியில் நுழைந்தேன். அங்கிருந்தே கத்தினேன்.

"மூக்கையா! முன்னால போயி அந்தப் பம்ப அடிப்பா!"

மறுபடி கத்தினேன்.

"ஏலே, காதுல விழுதா? நேரமாகுது! உங்க மச்சான் வீடு போய்ச் சேர வேண்டாமா?"

டக்.

பின்கதவு திறந்தது. என் வண்டியின் இடது பின்கதவு அப்படித்தான் சத்தம் போடும். அக்காவோடு உள்ளே உட்கார்ந்திருந்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

காலடிச் சத்தம். மெதுவாக... மிக மெதுவாக முன்பக்கம் போனது.

கிச்... கிச்...

"ம், அப்படித்தான். அடி."

கிச்... கிச்... கிச்...

பலமில்லாத அடி. ஆனால் ஒழுங்கான அடி. முழுசாக அழுத்தி, முழுசாக விட்டு... ஜவுளிக்கடைக்காரனுக்கு இது எப்படித் தெரியும் என்று ஒரு நினைப்பு வந்தது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் விரலுக்கு அடியில் சுர்ர் என்று காற்று இழுத்தது. ஓட்டை அதுதான்!

"நிறுத்து."

நின்றது.

முடிச்சை அவிழ்த்து மறுபடி இறுக்கினேன்.

"இப்ப அடி."

கிச்... கிச்...

இழுக்கவில்லை. சந்தோஷத்தில் டார்ச்சை முன்பக்கம் திருப்பினேன்.

முன் டயருக்குப் பக்கத்தில் இரண்டு கால்கள்.

செருப்பு இல்லை.

வீங்கியிருந்தன. இடது கணுக்காலில் பஞ்சு வைத்து, பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

மூக்கையாவுக்குக் காலில் என்ன ஆயிற்று...?

டார்ச்சு அணைந்தது.

இருட்டில் பம்பு மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. கிர்ரிக்... கிர்ரிக்... ஸ்பேனர் வைத்து ஸ்குரூவை இறுக்குகிற சத்தம். காற்று போனதும் அதை இறுக்க வேண்டும்தான். ஆனால் நான் இறுக்கச் சொல்லவே இல்லை.

காலடிகள் பின்னால் போயின.

டக்.

நான் வெளியே வந்தேன். மணி 7.25. பானெட் பக்கம் யாரும் இல்லை. ஸ்பேனர் மட்கார்டு மேல் நேராக வைக்கப்பட்டிருந்தது. ஸ்குரூ கச்சிதமாக இறுகியிருந்தது. சாவியைத் திருப்பினேன். ஒரே இழுப்பில் வண்டி உயிர் பிடித்தது.

அப்போது எதிர்த்திசையிலிருந்து ஒரு மொபெட் வந்து நின்றது. பின் சீட்டிலிருந்து மூக்கையா குதித்தான். காலில் செருப்பு இருந்தது.

"ஸ்டார்ட் ஆயிருச்சாண்ணே? நீங்க அடியில படுத்தப்பவே வேற வண்டி கிடைக்குமான்னு நடந்துட்டேன். அங்கிட்டு ஒரு மைல் போயும் ஒண்ணும் கிடைக்கல. இவருதான் கொண்டாந்து விட்டாரு."

நான் அவன் காலையே பார்த்தேன்.

"நீயா... பம்பு அடிக்கல?"

"எந்தப் பம்புண்ணே?"

மொபெட் வெளிச்சத்தில், தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தேன். நாச்சிமுத்து அதே மாதிரி படுத்திருந்தார். போர்வை கழுத்து வரை இருந்தது. மகேஸ்வரி கண்களை இறுக மூடியிருந்தாள். கண்ணீர் மட்டும் வழிந்துகொண்டே இருந்தது.

அதன்பிறகு நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

ஊர் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு பத்து. வாசலில் கூட்டம். வயதான ஒருவர் குறுக்கே வந்து நின்று கேட்டார்.

"உசுரு இருக்கா, ஆத்தா?"

"இருக்கு. தூக்குங்க" என்றாள் மகேஸ்வரி.

ஆள் பற்றாமல் நானும் காலைப் பிடித்தேன். போர்வை விலகியது. இடது கணுக்காலில் பஞ்சு. மேலே பிளாஸ்டர்.

உள்ளங்கால் முழுக்க ரோட்டு மண் ஒட்டியிருந்தது.

எப்படி அவரைக் கீழே போடாமல் உள்ளே கொண்டு போனேன் என்று எனக்கே தெரியாது. கால் சில்லென்று இருந்தது. மார்கழிக் குளிர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நடுவீட்டில் பாயில் படுக்க வைத்தார்கள். வீட்டு மூலையில் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கிற பழைய ஆயில் இன்ஜின் ஒன்று, துடைத்து, சாக்கு போர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அதுவும் டீசல்தான். அவர்தான் அதை ஓட்டுவார், பழுதும் பார்ப்பார் என்று யாரோ சொன்னார்கள். மகேஸ்வரி அவர் வாயில் ஒரு சங்குப் பால் ஊற்றினாள். பிறகுதான் ஓ என்று அலறினாள்.

வீட்டில் வைத்துத்தான் உயிர் போனது, கொடுத்து வைத்தவர் என்று ஊரே பேசியது. நான் வண்டியை எடுத்தேன். அந்த வருடம் கிறிஸ்துமஸ் பூசையில்கூட என் மனம் நிற்கவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு நாள், பகல் பதினோரு மணி இருக்கும், மகேஸ்வரி ஸ்டாண்டுக்கு வந்தாள். வெறும் நெற்றி. என்னைத் தேடித்தான் வந்திருக்கிறாள். வேப்பமரத்து நிழலில் நின்று பேசினோம்.

"அண்ணே, உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன். தாடிக்கொம்புல பெருமாள் கோயில் பக்கம் வாரப்ப பெருமாளேன்னு கையெடுத்துக் கும்புட்டேன். கையை இறக்கி அவுக நெஞ்சுல வச்சேன். மூச்சு இல்ல. சொன்னா நீங்க வண்டியத் திருப்பிருவீக. அவுகள வீட்டுக்குள்ளயும் விடமாட்டாக. அதான் வாயத் தொறக்கல."

தாடிக்கொம்பு. கல்லில் மோதியது அதற்கு அப்புறம். பம்பு அடித்தது அதற்கும் அப்புறம்.

பட்டப்பகலில் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க அடியில இருந்து கத்துனீகல்ல, வீடு போய்ச் சேர வேண்டாமான்னு... அப்ப என் மடி லேசாச்சுண்ணே. கதவு சத்தம் கேட்டுச்சு. நான் கண்ண மூடிக்கிட்டேன். பயத்துல இல்ல. கண்ணத் தொறந்தா அவுக போயிருவாகளோன்னு. திரும்ப மடி கனமாகுற வரைக்கும் நான் தொறக்கவே இல்ல."

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"நீங்க பாத்தீகளாண்ணே?"

"காலை மட்டும் பாத்தேன் தங்கச்சி."

"யாரும் பிடிக்காம... தானா நின்னாகளா? நாலு மாசமா அவுகளால நிக்க முடியலண்ணே."

"தானாத்தான் நின்னாரு" என்றேன். "நல்லா நின்னாரு."

அவள் அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். சவாரி வந்தது, போகவில்லை.