தராசு பிடித்த தேவதூதனும் நானும்

இங்கிலாந்தில் எங்கள் விக்கன்பி ஊர் ஆலயத்தில், தெற்குச் சுவரின் நடு ஜன்னலில், வண்ணக் கண்ணாடியில் மிகாவேல் தூதன் நிற்கிறார். ஒரு கையில் வாள், மறு கையில் தராசு, தோள்வரை பொன்னிறச் சுருள்முடி. முகம் மட்டும் என்னுடையது. நான் சிரில் லெகட், பன்றிக்கறிக் கடைக்காரன். என் தலையில் முடி இருந்த காலம் எனக்கே மறந்துவிட்டது.

தூதனின் காலடியில், பிரான்சில் போரில் மாண்ட லயனல் ஓட்லிங்கின் நினைவாக அவன் தாய் வைத்தது என்று எழுதியிருக்கிறது. என் பெயர் எங்கும் இல்லை. மூக்கு மட்டும்தான் இருக்கிறது.

லயனலும் நானும் ஒரே வயது, ஒரே பள்ளி, ஒரே கிரிக்கெட் அணி. அவன் அடிப்பான், ஓடுவான், பாய்ந்து பிடிப்பான். நான் வேலிக்கு அப்பால் போன பந்தைத் தேடி எடுத்துவருவேன். அதற்கும் ஒருவன் வேண்டுமே. போர் வந்தபோது சேர்ந்தே போனோம். அவனைப் பதுங்குகுழிக்கு அனுப்பினார்கள். என் தொழிலைக் கேட்டதும் என்னைச் சமையல் கூடாரத்துக்கு அனுப்பினார்கள். எதிரியைக் கண்ணால்கூடப் பார்க்காமல், போனதைவிடப் பருமனாக ஊர் திரும்பினேன். அவன் திரும்பவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

லயனலுக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. அதனால் அவனுக்கு உருப்படியான புகைப்படமே கிடையாது. கிரிக்கெட் அணியின் படம் ஒன்றுதான் இருந்தது. அதிலும் சரியான நொடியில் திரும்பித் தொலைத்திருந்தான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி ஏதோ தெரிந்தது. பக்கத்தில் நான், நட்டுவைத்த கம்பம் போல. ஜன்னல் செய்ய ஏற்பாடானதும், எங்கள் பாதிரியார் லயனலின் தலைக்கு மேல் அடையாளத்துக்குப் பென்சிலால் ஒரு சிலுவை போட்டு, படத்தை யார்க் நகரத்துக் கண்ணாடிக்காரருக்கு அனுப்பினார். அந்த மனிதர் பாவம், புகையையா வரைவார்? சிலுவைக்குப் பக்கத்தில் தெளிவாகத் தெரிந்த தலையை வரைந்துவிட்டார்.

பேராயர் வந்து திரையை இழுத்தார். ஊரே நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தது. பிறகு திரும்பி என்னைப் பார்த்தது. பிறகு குனிந்து பாட்டுப்புத்தகத்தைப் பார்த்தது. சங்கடமான விஷயம் என்று வந்துவிட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். தேநீர் நேரத்தில் ஒவ்வொருவராக ஓட்லிங் அம்மாவிடம் போய், "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். நானும் போய்ச் சொன்னேன்.

"அப்படியா, சிரில்?" என்றார்.

வாய் நிறையக் கேக் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் இல்லாத இடங்களில் ஊர் சும்மா இருக்கவில்லை. "என்னடா மிகாவேலு, மேல தராசு நேரா நிக்குது, கடையில மட்டும் ஏன் சாயுது?" என்பார்கள். "தட்டுல இருந்து கட்டைவிரல எடுடா, கர்த்தர் பாக்குறாரு!" என் மனைவி எடித் இன்னும் மோசம். "மேல நிக்கிறவரையே கட்டியிருக்கலாம். அவருக்குக் கொறட்டையாவது கெடையாது" என்பாள்.

எனக்கு ஒரே ஒரு பயம்தான். ஓட்லிங் அம்மா விதவை. ஒரே பிள்ளையும் போய்விட்டான். ஞாயிறுதோறும் அந்த முகத்தைப் பார்த்துத்தான் ஜெபித்தார். அது மகனின் முகமில்லை, சாசேஜ் சுற்றிக் கொடுக்கிறவனின் முகம் என்று தெரிந்தால் என்ன ஆவார்? துக்கம் கண்ணை மறைத்திருக்கிறது, அப்படியே இருக்கட்டும் என்று ஊர் நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் குடும்பத்து இருக்கை அந்த ஜன்னலுக்கு நேர் கீழே. முடியெல்லாம் கொட்டும்வரை வருடக்கணக்காக அங்கேதான் உட்கார்ந்தேன். ஓர் ஈஸ்டர் ஞாயிறு அன்று தற்செயலாகத் திரும்பினேன். ஓட்லிங் அம்மா ஜன்னலைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், மறுபடி ஜன்னலைப் பார்க்கிறார். எனக்கு வியர்த்துவிட்டது.

உடனே மீசை வளர்த்தேன். சாதாரண மீசை இல்லை, கடை வாசலைக் கூட்டலாம். அதோடு தூணுக்குப் பின்னால் இருந்த இருக்கைக்கு மாறினேன். எங்கள் ஊரில் ஒருவன் மனைவியை மாற்றினால்கூட மன்னித்துவிடுவார்கள், ஆலயத்தில் இடம் மாறினால் மன்னிக்க மாட்டார்கள். அந்த இருக்கை மிஸ் தாபருடையது. அன்று ஒரு பாட்டு முழுவதும் என் பக்கத்திலேயே நின்று முறைத்தார். நான் எழுந்திருக்கவில்லை. அதிலிருந்து அவர் பன்றிக்கறி வாங்கப் பக்கத்து ஊருக்குப் போகிறார்.

போன மாதம் எடித் கடைக்குப் பின்னால் வந்து சொன்னாள். "ஏங்க, ஓட்லிங் அம்மாவுக்கு சாசேஜ நீங்களே கொண்டுபோய்க் குடுக்கணுமாம்."

"ஐயையோ!"

"என்ன ஐயையோ? உங்களையா சுட்டுத் திங்கப்போறாங்க?"

போனேன். ஓட்லிங் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"வெளிச்சத்துல உக்காருப்பா. கண்ணு மங்கிக்கிட்டே வருது. குளிர்காலத்துக்குள்ள முழுசா போயிடும்னு டாக்டர் சொல்லிட்டார்."

"அடக் கடவுளே, என்னம்மா இது?"

"அத விடு. இந்த மீசை எதுக்கு?"

"குளிருக்கும்மா."

"பொய் சொல்லாத. ஜன்னல்ல இருக்கிற மூஞ்சிய மறைக்கத்தான?"

பொட்டலம் என் கையிலிருந்து நழுவி விழுந்தது. "உங்களுக்கு எப்பம்மா தெரியும்?"

"தெரைய இழுத்தப்பவே. பெத்தவளுக்குப் பிள்ள மூஞ்சி தெரியாதா? என் லயனலுக்கு இவ்ளோ பெரிய காது கெடையாது."

"அப்போ ஏம்மா ஒண்ணும் சொல்லல?"

"ஆளாளுக்கு வந்து ரொம்ப நல்லா இருக்குன்னாங்க. அவங்களச் சங்கடப்படுத்துவானேன்னு விட்டுட்டேன்."

பிறந்ததிலிருந்து என்னைப் பார்த்து வந்தவரிடம்தான் இத்தனை காலம் ஒளிந்து விளையாடியிருக்கிறேன்.

"மொதல்ல அழுகையா வந்துச்சு" என்றார். "அப்புறம் பாத்தா, மேல நீ, கீழயும் நீ. மேல இருக்கிறவனுக்கு வயசே ஆகல. கீழ ஆயிட்டே இருந்துச்சு. உனக்கு முடி கொட்டுனப்போ, அவனுக்கும் இப்பக் கொட்டியிருக்கும், அவங்க அப்பா மாதிரின்னு நெனச்சுப்பேன். உனக்குத் தொப்ப வந்தப்போ, இவன் தொப்ப போட்டிருக்க மாட்டான், ஓடிக்கிட்டே இருப்பானேன்னு சிரிச்சுப்பேன். உன்ன வச்சுத்தான் அவன வளத்துக்கிட்டு வந்தேன். நீ என்னடான்னா மீசைய வச்சுக்கிட்டு தூணுக்குப் பின்னால போய்ட்ட."

அழுதேன், மீசை நனைந்தது.

"அழாத. அத வழிச்சுட்டு உன் எடத்துல வந்து உக்காரு. கண்ணு இருக்கும்போதே பாத்துக்கிறேன்."

சனிக்கிழமை வழித்தேன். மேலுதடு பன்றிக்கொழுப்பு மாதிரி வெளுத்திருந்தது. எடித் பார்த்ததும் சிரித்தாள், விஷயத்தைச் சொன்னதும் மூக்கைச் சிந்தினாள்.

மறுநாள் மிஸ் தாபர் வெற்றியோடு தன் இடத்தில் போய் அமர்ந்தார். நான் என் ஜன்னலுக்குக் கீழே வந்து உட்கார்ந்தேன். ஓட்லிங் அம்மா அன்று ஜன்னலைப் பார்க்கவே இல்லை. தலையை நீட்டி, கண்ணைச் சுருக்கி, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக நான் பிரசங்கத்தில் தூங்கிவிடுவேன். அன்று தூங்கவில்லை, சொறியவில்லை, தும்மலைக்கூட அடக்கிக்கொண்டேன். அசையாமல் இருப்பது ஒன்றுதான் லயனலுக்கு வராமல் எனக்கு வந்த வித்தை. அவனுக்கும் சேர்த்து இருந்தேன்.

வெளியே வரும்போது ஓட்லிங் அம்மா வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு, சிரில்" என்றார், ஊரே கேட்கும்படி.

ஊர் குனிந்து பாட்டுப்புத்தகத்தைத் தேடியது. உள்ளேயே வைத்துவிட்டு வந்ததால் யார் கையிலும் அது இல்லை.