அண்ணன் கடையில் ஓடிய இன்ஜின்

சிதம்பரத்தில் அண்ணன் கடையில் ஓடிய இன்ஜின் கடலூரில் என் வீட்டில் ஓடவில்லை. 2009இல், மழை பிடிப்பதற்கு முந்தைய வாரங்களில் நடந்தது இது. நான் அப்போது கடலூரில் ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அண்ணன் சிதம்பரத்தில் பம்புசெட் மோட்டாருக்குக் கம்பிச்சுருள், அதாவது காயில், கட்டும் கடை வைத்திருந்தான். கடையின் பின்பக்கம் ஒரு பழைய லேத்தும் இருந்தது.

அந்த லேத்தில்தான் இருவரும் சேர்ந்து அதைச் செய்தோம். பெட்ரோலில் ஓடும் ஒற்றைச் சிலிண்டர் மாடல் இன்ஜின். இரண்டு கையால் அள்ளி எடுத்துவிடலாம், அவ்வளவுதான் உருவம். இரண்டு பக்கமும் சாஸர் அகலத்துக்கு ஃப்ளைவீல். வரைபடம், பிஸ்டன், வால்வு எல்லாம் என் வேலை. லேத் வேலையும் ஒயரிங்கும் அண்ணன். பழைய மொபெட்டிலிருந்து, பொறி விழ மின்சாரத்தைத் துண்டிக்கும் பாயிண்டும் அதற்கான கண்டென்சரும் எடுத்து, ஸ்கூட்டர் காயில் ஒன்றைக் கொடுத்து, ஆறு வோல்ட் பேட்டரியைத் தகரத்தில் பெட்டி மடித்து அதற்குள் வைத்திருந்தான். பேட்டரியின் மைனஸ் அந்தப் பெட்டியோடு போல்ட் போட்டு முறுக்கியிருந்தது. பெட்டியிலிருந்து இன்ஜின் அடித்தட்டுக்கு ஒரு கறுப்பு எர்த் ஒயர், பெட்டிமேல் நிறுத்துவதற்கு ஒரு சுவிட்ச்.

அவன் கடை மேசையில் அது ஓடியதைப் பார்க்க எதிர்க்கடை டெய்லர்கூட எழுந்து வந்தார். டப் டப்பென்று ஒரே சீராக ஓடியது. அதைத் துணியில் சுற்றி, பேட்டரிப் பெட்டியோடு பஸ்ஸில் மடியில் வைத்துக் கடலூர் கொண்டுவந்தேன். எங்கள் பாலிடெக்னிக் கண்காட்சியில் வைக்க வேண்டும் என்று எண்ணம்.

மஞ்சக்குப்பத்தில் வாடகை வீடு. முன்னறையில் ஒரு தேக்கு மேசை. அதன்மேல் வைத்து ஃப்ளைவீலைச் சுற்றினேன். இரண்டு மூன்று முறை வெடித்தது, நின்றுவிட்டது. மறுபடி சுற்றினால் மறுபடி அதேதான்.

முதலில் பிளக்கைச் சந்தேகப்பட்டேன். கழற்றி, இன்ஜின் தலையில் படுக்கவைத்துக் கையால் சுற்றிப் பார்த்தேன். நீல நிறத்தில் பளிச்சென்று பொறி வந்தது. பிறகு கார்புரேட்டர். அதிலும் குறை தெரியவில்லை. பாயிண்ட் முனைகளை உப்புத்தாள் போட்டு இழைத்தேன், இடைவெளி வைத்தேன். கடற்காற்றில் எல்லாம் சீக்கிரம் பூத்துவிடும் ஊர். அதனால் தினமும் துடைத்தேன். கண்டென்சரை மாற்றினேன். பாயிண்ட் எந்த இடத்தில் திறக்கிறது என்று டிஷ்யூத் தாளை நடுவில் செருகி, மெல்ல இழுத்தபடி ஃப்ளைவீலைத் திருப்பிப் பார்த்தேன். தாள் நழுவும் இடம், அதாவது பொறி விழும் டைமிங், சரியாகவே இருந்தது. மீட்டரை வைத்து ஒவ்வொரு ஒயராகத் தொட்டேன். அறுந்திராத ஒயரென்றால் மீட்டர் பீப் அடிக்கும். எல்லா ஒயரும் பீப் என்றது. கறுப்பு ஒயரும்தான்.

அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"எங்கிட்ட ஓடுச்சு. டெய்லர் பாத்தாரு. நீ எதையாச்சும் மாத்துனியா?"

"பஸ்ஸ வுட்டு எறங்கி மேசைல வெச்சேன் அண்ணே. அப்பவே ஓடல. அப்புறந்தான் கண்டென்சர மாத்துனேன்."

"டைமிங்க தொட்டியா?"

"தொடல."

"அப்ப யாரு தொட்டா?"

கோபத்தில் கேட்டதாகத்தான் நினைத்தேன். ஆனால் போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி வீட்டுக்குள்ளேயே நின்றது. வீட்டில் நானும் என் கணவரும் மட்டும்தான்.

அவருக்கு அந்த இன்ஜின் பிடிக்கவில்லை என்பது தெரியும். குடிகாட்டுப் பக்கம் ஒரு கெமிக்கல் தொழிற்சாலையில் ஷிப்ட் இன்சார்ஜாக இருந்தார். வீட்டுக்குள் பெட்ரோல் வாசனை வந்தாலே முகம் மாறும். இன்ஜின் வந்த முதல் நாளே, "இத வாசல்ல வெச்சிக்கக் கூடாதா?" என்று கேட்டார். "மழை வந்தா?" என்றேன். அதோடு விட்டுவிட்டார். அவர் அப்படி ஒரே வார்த்தையில் விட்டுக்கொடுப்பவர் அல்ல. அதுவே எனக்கு உறுத்தியது.

ஒரு சனிக்கிழமை இன்ஜினைப் பாலிடெக்னிக் ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப்போனேன். பெஞ்சில் வைத்துச் சுற்றினேன். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டு, டேங்க் காலியாகும்வரை ஓடியது. வீட்டுக்கு வந்து மேசையில் வைத்தேன். இரண்டு வெடி, அப்புறம் அமைதி.

அண்ணனிடம் சொன்னேன். "இன்ஜின்ல கோளாறு இல்லம்மா. வூட்லதான் இருக்கு," என்றான்.

அன்றிலிருந்து நான் சின்னச் சின்ன விஷயங்களைக் கவனிக்க ஆரம்பித்தேன். டேங்கில் பாதியளவு விட்டுவைத்த பெட்ரோல் காலையில் அடியில் கிடந்தது. எங்காவது ஒழுகுகிறதா என்று கீழே தாளை விரித்து வைத்தேன். தாளில் ஈரமில்லை. அவர் ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குக் கிளம்பும்போது முன்னறையில் கொஞ்ச நேரம் அதிகமாக நிற்பதுபோல் இருந்தது. நான் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தால் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார். செருப்பு எப்போதும் வாசலில்தான் கிடக்கும்.

நெயில் பாலிஷ் எடுத்து பாயிண்ட் மூடியின் திருகுகளிலும், பேட்டரி முனைகளின் நட்டுகளிலும் குறுக்காக ஒரு கோடு இழுத்தேன். யாராவது திருப்பினால் கோடு விலகிவிடும். அதைச் செய்துவிட்டு அவருக்கு இரவுச் சாப்பாடு பரிமாறியபோது முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து," என்றார். ஊற்றினேன்.

மறுநாள் பார்த்தேன். பாயிண்ட் மூடியில் கோடு அப்படியே இருந்தது. பேட்டரியின் பிளஸ் முனையில் உடைந்திருந்தது.

சாயங்காலம் அவர் வந்து முகம் கழுவிக்கொண்டு உட்காரும்வரை காத்திருந்தேன்.

"ஏங்க, பேட்டரியில கைய வெச்சீங்களா?"

துண்டால் காதைத் துடைத்துக்கொண்டே, "ஆமா," என்றார். ஒளிக்கக்கூட இல்லை. "தெனமும் படுக்கறதுக்கு முன்னாடி ஒயர கழட்டுறேன். பெட்ரோல பாட்டில்ல ஊத்தி வெளிய வெச்சிடறேன். காலைல போறப்ப திரும்ப மாட்டிட்டுதான் போறேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உடுவியா? எங்க பேக்டரி கேட்டுல தீப்பெட்டிய வாங்கி வெச்சிட்டுதான் உள்ள உடுறான். செல்போன்கூட கொண்டு போகக் கூடாது. நீ பெட்ரோலையும் பொறியையும் ஒரே மேசைல வெச்சிட்டு பக்கத்து ரூம்ல தூங்குற. எனக்குத் தூக்கம் வர்ல."

நியாயம்தான். ஆனால் எனக்கு அந்த நியாயம் போதவில்லை. திரும்ப மாட்டும்போது சரியாக மாட்டுகிறாரா? அல்லது சரியாக மாட்டாமல் விடுகிறாரா? இதை நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவர் என் முகத்திலிருந்து படித்துவிட்டார்.

"இன்னிக்கு நான் தொட மாட்டேன். நீயே கழட்டு, நீயே மாட்டு. ஓடுதா பாரு," என்று எழுந்து போய்விட்டார்.

நானே கழற்றி நானே மாட்டினேன். ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். வேறு ஒரு காயிலும் புது பிளக்கும் பையில் கொண்டுவந்திருந்தான். மதியச் சாப்பாட்டுக்கு முன் உட்கார்ந்தவன், சாப்பாடு ஆறிப்போகும்வரை எழுந்திருக்கவில்லை. காயிலை மாற்றினான், பிளக்கை மாற்றினான், டைமிங்கை முன்னே பின்னே நகர்த்தினான். வெடிக்கும், நிற்கும். அவன் சட்டை முதுகெல்லாம் நனைந்துவிட்டது. என் கணவர் வாசற்படி ஓரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தவரை ஒரே பக்கத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் திருப்புளியைக் கீழே வைத்தான்.

"மாப்ள, மனசுல ஒண்ணும் வெச்சிக்காதீங்க. நெசமாவே இன்னா பண்ணீங்க இதுல?"

"ஒயர கழட்டி மாட்னேன் மச்சான். ஒங்க தங்கச்சிகிட்ட சொல்லிட்டேன்."

"அது மட்டும்தானா?"

அவர் பேப்பரை மடித்தார். "இத ஊருக்கு எடுத்துட்டுப் போயிடுங்க மச்சான். அங்கதான் ஓடுதே. அங்கேயே ஓடட்டும்."

நான் நடுவில் புகுந்து எதையோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. இரண்டு பேருக்கும் பிடிக்காத ஏதோ ஒன்று. அண்ணன் சாமான்களைப் பையில் போட ஆரம்பித்தான். யாரும் சாப்பிடவில்லை.

ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு வாசலில் நின்றோம். எங்கள் வாசலில் தண்ணீர்த் தொட்டி பூமிக்குள் இருந்தது. அதற்குச் சதுரமாக ஒரு இரும்பு மூடி. தினமும் இழுத்துத் திறந்து மூடி, மேலே பெயிண்ட் போய் இரும்பு தேய்ந்து பளபளத்துக் கிடக்கும். அண்ணன் பேட்டரிப் பெட்டியையும் இன்ஜினையும் அந்த மூடிமேல் வைத்தான். ஆட்டோ வரவில்லை. எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. போகிறதுக்கு முன் ஒரு தடவை என்று குனிந்து, பாட்டிலிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் விட்டு, ஃப்ளைவீலைச் சுற்றினேன்.

டப் டப்பென்று பிடித்துக்கொண்டது.

ஓடியது. நிற்காமல் ஓடியது. பக்கத்து வீட்டு அம்மா ஜன்னலைத் திறந்தார்.

"பாத்தியா?" என்றான் அண்ணன். என்னிடம்தான் சொன்னான், ஆனால் சத்தமாக. "வூட்ட வுட்டு வெளிய வந்ததும் ஓடுது. நான் சொல்லல?"

வாசற்படியில் நின்ற என் கணவரின் முகம் அப்படியே இறுகிப்போனது. அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு அவரிடம் பரிதாபம் வரவில்லை. அப்போதும் சந்தேகம்தான் வந்தது. வீட்டுக்குள் வைத்து ஏதாவது செய்கிறாரோ என்றுதான் ஓடியது மனம்.

தெருவில் ஆட்டோ திரும்பும் சத்தம் கேட்டது. பெட்டியை எடுத்துக்கொள்ளலாம் என்று, ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை அப்படியே விட்டுவிட்டு பேட்டரிப் பெட்டியை மட்டும் மூடியிலிருந்து தூக்கினேன். இன்ஜின் நின்றுவிட்டது.

பெட்டியைத் திரும்ப மூடிமேல் வைத்தேன். சுற்றினேன். ஓடியது. தூக்கினேன். நின்றது.

"ஒயர இழுக்கற, அதான் நிக்குது," என்றான் அண்ணன்.

ஒயர் தொய்வாகத்தான் கிடந்தது. நான் இன்னொரு முறை வைத்தேன், தூக்கினேன். அப்போதுதான் அண்ணன் கடை மேசை கண்ணில் வந்தது. அது இரும்பு மேசை. ஒர்க்‌ஷாப் பெஞ்சும் இரும்பு. என் வீட்டு மேசை தேக்கு. இரும்பின்மேல் பெட்டியும் இன்ஜினும் இருக்கும்போது மின்சாரம் அந்த இரும்பு வழியாகவே திரும்பிப் போய்விடுகிறது. மரத்தின்மேல் இருக்கும்போது அதற்கு ஒரே வழி கறுப்பு ஒயர்தான்.

ஆட்டோக்காரரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுக் கறுப்பு ஒயரை விரலால் நெருடிக்கொண்டே வந்தேன். இன்ஜின் பக்கத்து முனையருகில் ஓரிடத்தில் மட்டும் ரப்பர் குழாய்போலக் கொழகொழவென்று மடங்கியது. பிளேடால் மேலுறையைக் கீறினேன். உள்ளே செப்பு இழைகள் எல்லாம் அறுந்து, ஒன்றோடொன்று முனை தொட்டுக்கொண்டு கிடந்தன. சும்மா இருந்தால் தொடும். அதனால்தான் மீட்டர் பீப் என்றது, கையால் சுற்றினால் பொறியும் வந்தது. இன்ஜின் வெடித்து அதிர ஆரம்பித்தால் விலகிவிடும். முனையில் மேலுறையை உரிக்கும்போது பிளேடு ஆழமாக இறங்கியிருந்த தடம் தெளிவாகத் தெரிந்தது. ஒயரிங் செய்தது யார் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

அண்ணன் ஒயரை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பஸ்ல வர்றப்ப ஒடிஞ்சிருக்கும்," என்றான்.

பிளேடுத் தடத்தை விரலால் காட்டினேன். அவன், "நான் வெச்ச ஒயருதானா இது? நீ மாத்தலியே?" என்று கேட்டான்.

"மாத்தல."

என் கணவர் இறங்கி வந்து ஆட்டோவை அனுப்பிவிட்டார். "சாப்டுட்டுப் போங்க மச்சான்," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அண்ணன் சாப்பிட்டான். பேச்சு மழையைப் பற்றியும் சிதம்பரத்தில் கரண்டு நிற்பதைப் பற்றியும் இருந்தது. கிளம்பும்போது அவர் கையைப் பிடித்து, "வரேன் மாப்ள," என்றான். வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் ஜாஸ்தியாகப் பிடித்திருந்தான். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. பிறகும் கேட்டதாக எனக்குத் தெரியாது.

இன்ஜின் என் வீட்டிலேயே தங்கியது. புது ஒயர் போட்டதும் தேக்கு மேசைமேல் கச்சிதமாக ஓடியது. பெட்ரோலை நானே தினமும் வடித்து வெளியே வைத்தேன்.

சில நாள் கழித்து அவர் கேட்டார். "மொதல்ல யார சந்தேகப்பட்ட, என்னையா, ஒயரையா?"

"மொதல்ல பிளக்க. அப்புறம் உங்கள."

"ஒயர?"

"கடைசில."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "கேட்டிருக்கலாம்ல," என்றார்.

"நீங்களும் சொல்லியிருக்கலாம்ல."

அதன் பிறகு பல மாதங்கள், அவர் என் சாமான் எதையாவது இடம் மாற்றி வைத்தால், "நான்தான் வெச்சேன்," என்று கூடவே ஒரு வார்த்தை சொல்லிவிடுவார். ஒவ்வொரு முறையும் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

கண்காட்சிக்கு முன்தினம் நான் இன்ஜினை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் வேலை முடிந்து வந்தார். எப்போதும் நேராகப் பின்கட்டுக்குப் போகிறவர் அன்று மேசைப் பக்கம் வந்து நின்றார். அது ஓடுவதை அவர் பக்கத்திலிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இத எப்படி நிறுத்தணும்?" என்று கேட்டார்.

சுவிட்சைக் காட்டினேன். குனிந்து ஒரு விரலால் தட்டினார். ஃப்ளைவீல் சுழன்று சுழன்று மெதுவாகி நின்றது.

"எனக்கு இது தெரிஞ்சா போதும்," என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.