ஓடு கம்பெனிக்கு

எங்கள் கம்பெனி கேன்டீனில் திடீரென்று ஆளுக்கு ஓர் அவித்த முட்டை போட ஆரம்பித்தார்கள். ஓசூருக்கு வந்து இத்தனை வருடத்தில், தொழிலாளியின் உடம்பைப் பற்றி இப்படி ஓர் அக்கறையை நான் எங்கும் கண்டதில்லை. பேக்கிங் பெண்கள் பூரித்துப்போனார்கள். சோழியன் குடுமி சும்மா ஆடாது என்பது லேபில் வேலை பார்க்கும் எனக்குத் தெரியும். கம்பெனிக்கு வேண்டியிருந்தது ஓடு.

முட்டை ஓட்டைக் கழுவி, உள்தோலை உரித்து, காயவைத்து, ஃபர்னஸில் சுட்டால் வெள்ளைப் பொடியாகும். ரசாயனம் தயாரிக்கையில் விலை உயர்ந்த கேட்டலிஸ்டுக்குப் பதிலாக அதைப் போடலாம். கேட்டலிஸ்ட் என்றால், தான் செலவாகாமல் மற்றதையெல்லாம் வேகமாக மாறவைப்பது. எங்கள் மேலாளரும் அதே ரகம்தான். கேன்டீன் சுவரில் பச்சை எழுத்தில் 'கழிவே செல்வம்' என்று எழுதச் சொல்லி, அதன் கீழே ஓடு போட ஒரு வாளி வைத்தார்.

பேக்கிங்கில் காண்ட்ராக்டில் இருந்த ஒருத்தி, லைன் வீட்டில் எனக்குப் பக்கத்து அறை. தர்மபுரிப் பக்கத்துக்காரி. அவளுடைய சின்ன மகள் நோஞ்சான், எலும்பும் தோலுமாக இருப்பாள். தன் பங்கு முட்டையை இவள் உரிக்காமல் டிபன் டப்பாவில் வைத்து மகளுக்குக் கொண்டுபோவாள். உரித்தால் சாயங்காலத்துக்குள் வாடை வந்துவிடுமாம்.

வாளியில் ஓடு குறைகிறதென்று மேலாளரே ஒருநாள் கேட்டில் நின்று பைகளைச் சோதித்தார். அவள் மாட்டிக்கொண்டாள். ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"திருடல சார். எனக்குப் போட்டதுதான். பாப்பாவுக்கு எடுத்துனு போறேன்."

"முட்டை உன்னுதும்மா, யாரு இல்லேன்னா? ஓடு கம்பெனிக்கு. உரிச்சு வெச்சுட்டுப் போ."

அவர் குரலில் கோபமே இல்லை. எனக்கு வயிறெரிந்தது அதற்காகத்தான். அவள் நின்றபடியே உரித்தாள். முட்டை நழுவி, தரையில் விழுந்து உடைந்து மண்ணில் புரண்டது. மேலாளர் குனிந்தார். ஒரு நொடி அவரை மனிதன் என்று நம்பித் தொலைத்தேன். ஓட்டுச் சில்லுகளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சில வாரங்களில், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குஞ்சு பொரிக்கும் பண்ணையிலிருந்து ஓடு மூட்டை மூட்டையாக லாரியில் வந்து இறங்கியது. அன்றோடு கேன்டீனில் முட்டை நின்றது. சுவரெழுத்து அப்படியே இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் என் வாசலுக்கு வந்தாள். ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பாள், நானும் சேர்ந்து திட்டலாம் என்று இருந்தேன்.

"ஏங்க்கா, லேபுக்கு அடுத்து எந்தக் குப்ப வேணும்னு கேட்டுச் சொல்றீங்களா? வாழத்தோலு வேணும்னா பழம் போடுவாங்கல்ல? பாப்பா பழம்னா திங்கும்."

வாழைத்தோல் சாம்பலும் கேட்டலிஸ்டாகப் பயன்படும். மறுநாள் காலையில் முதல் வேலையாக மேலாளரிடம் சொன்னேன். பிரமாதமான யோசனை என்று மனதாரப் பாராட்டினார். ஓசூரில் உள்ள வாழைக்காய் சிப்ஸ் கடைகளுக்கெல்லாம் அன்றைக்கே ஆள் அனுப்பி, தோலை மட்டும் அள்ளிவரச் சொன்னார்.