தூண்டில் முள்ளின் காது

என் வீட்டுக்காரர் மீன் பிடிக்கப் புழு வைக்கமாட்டார். சேவலின் கழுத்து இறகைக் கிள்ளி, துளியூண்டு முள்ளின்மேல் நூலால் சுற்றிச் சுற்றி, ஈ பருமனுக்கு ஒரு பூச்சி கட்டுவார். தண்ணீரில் விழுந்தால் நிஜ வண்டு என்று மீன் ஏமாந்துவிடும். அவர் ஃபிட்டராக வேலை செய்த ஃபேக்டரியில் ஒரு சீன மேனேஜர் ஊரைவிட்டுப் போகும்போது தன் பழைய தூண்டில் கோலை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். மீதியை இவரே கைப்பேசியில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டார். புழு ஒரு பைசா செலவில்லாமல் மண்ணில் கிடக்கிறது, இந்த மனுஷன் மத்தியானம் பூராவும் உட்கார்ந்து பொய்ப் பூச்சி கட்டிக்கொண்டிருக்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இறகை மட்டும் அவர் கடையில் வாங்கியதில்லை. நாங்கள் பிறந்த தோட்டம் தெலுக் இந்தான் பக்கம். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்து வீடுகளையும் இடித்தாகிவிட்டது. முனியாண்டி சாமி மட்டும் செம்பனைக்கு நடுவில் நிற்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை பூசைக்குப் போய்ச் சேவல் அறுப்போம். மற்றவர்களெல்லாம் கறிச் சட்டியையே பார்த்துக்கொண்டிருக்க, இவர் குனிந்து கழுத்து இறகைப் பொறுக்கிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள்வார்.

"சாமிக்கு வெட்டினதுங்க அது. கொண்டுபோய் ஆத்துல போடுறீங்களே, நல்லாவா இருக்கு?" என்பேன்.

"சாமிக்கு எதுக்குலா இறகு? அவரா மீன் பிடிக்கப் போறாரு?"

இப்படிப் பேசுகிறவரிடம் என்ன சொல்வது? ஞாயிறு விடிந்ததும் ஜெலாப்பாங்கில் எங்கள் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு, சிம்பாங் பூலாய் தாண்டி மலையடிவாரத்து ஆற்றுக்குப் போய்விடுவார். பிடிக்கிற மீனிலும் பாதியைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட்டு வருவார். கேட்டால், "பாவம், சின்னது" என்பார். மார்க்கெட்டில் என்ன விலை விற்கிறது, இவருக்குப் பாவம்!

சீனி வியாதி அவருக்கு ரொம்ப வருஷமாக இருந்தது. கண் மங்கிக்கொண்டு வந்ததை என்னிடம் மூச்சுவிடவில்லை. பேப்பர் படிப்பதை நிறுத்தினார். "எல்லாம் ஒரே அரசியல், சலிச்சுப் போச்சு" என்றார். நம்பினேன். டிவிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். காது மந்தமாகிறதோ என்று நினைத்தேன். ஒரு நாள் மோட்டார் வந்து நின்ற சத்தம் கேட்டு வாசலுக்குப் போனேன். ஹெல்மெட்டைக் கழற்றினார். கீழுதட்டில் ஒரு பூச்சி தொங்கிக்கொண்டிருந்தது. முள் உள்ளே ஏறி, சட்டையெல்லாம் இரத்தம்.

"அடக் கடவுளே! என்னங்க இது?"

"ஒன்னுமில்லலா. காது எங்க இருக்குன்னு நாக்குல தடவிப் பார்த்தேன். குத்திடுச்சு."

ஊசிக்குக் காது இருக்கிற மாதிரி முள்ளுக்கும் காது உண்டு. அதில் நூலைக் கோர்த்து முடிச்சுப் போட்டால்தான் பூச்சி தூண்டிலில் நிற்கும். அந்த ஓட்டை அவர் கண்ணுக்குத் தெரியவே இல்லை. அதனால் வாய்க்குள் வைத்து நாக்கால் தேடியிருக்கிறார். அந்தக் கண்ணோடு, லாரி போகிற ரோட்டில், உதட்டில் முள்ளோடு, மோட்டார் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்! நடுரோட்டில் கிடந்திருந்தால் நான் என்ன செய்வேன் என்று அவரைப் பிடித்து உலுக்கி உலுக்கிக் கத்தினேன். அவர் உதட்டைப் பொத்திக்கொண்டு சிரிக்கப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் உதட்டு முள்ளைச் சீக்கிரமே எடுத்துவிட்டார்கள். கண்ணுக்குத்தான் பல தடவை போக வேண்டியிருந்தது. கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கசிந்திருக்கிறது, இடது கண் இனி வராது, வலதில் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். மோட்டாரைத் தொடவே கூடாது என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்து மோட்டார் சாவியை என் கையில் வைத்தார். பிறகு, "அப்போ ஆத்துக்கு?" என்று கேட்டார். வேறு எதையும் கேட்கவில்லை. ஃபேக்டரி வேலை போனபோதுகூட அந்தக் குரலை நான் கேட்டதில்லை. ஆறு போய்விட்டால் இந்த மனுஷன் கட்டிலோடு கட்டிலாகப் படுத்துவிடுவார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

என் தம்பி பக்கத்துத் தாமான் குடியிருப்பில் இருக்கிறான், கார் வைத்திருக்கிறான். "அதுக்கென்னக்கா, மச்சானை நான் காடியில ஏத்திக்கிட்டுப் போறேன்" என்றான். நானும் கூடப் போக ஆரம்பித்தேன். மீன் பிடிக்கிற இடத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவள், ஃபிளாஸ்கில் கோப்பியும் ஒரு மடக்கு நாற்காலியுமாக ஆற்றங்கரையில் உட்கார்ந்தேன். அவர் பாட்டுக்கு முழங்கால் தண்ணீரில் நின்று கோலை வீசுவார். அதற்குக் கண் வேண்டாமாம், தோள் போதுமாம். பூச்சி கட்டுவதற்கும் கண் வேண்டியிருக்கவில்லை. இறகும் நூலும் அவர் விரலுக்குப் பழக்கம். அந்தக் காதுதான் எங்களைப் படுத்தியது.

எனக்குக் கண்ணாடி போட்டால் நன்றாகத் தெரியும். ஆனால் கையுறை ஃபேக்டரியில் பீங்கான் அச்சிலிருந்து கையுறையை இழுத்து இழுத்து என் கட்டைவிரல் மூட்டுகள் வீங்கி மரத்துப்போய்விட்டன. நூல் நிற்காமல் நழுவும். நான் சொல்லச் சொல்ல அவர் கோர்த்துப் பார்த்தார்.

"மேல... ஐயோ, இவ்ளோ மேல இல்ல. இடது பக்கம்."

"உன் இடதா என் இடதா?"

"முள்ளோட இடது!"

"முள்ளுக்கு ஏதுலா இடது?"

நான் கோபப்பட, அவர் சிரிக்க, நூல் எங்கேயோ போய்விடும். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தோம். சனிக்கிழமை மத்தியானம், ஜன்னல் வெளிச்சத்தில், பூச்சியை நான் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடிப்பேன். முள்ளின் காது என் நகத்தின் நுனிக்கு நேராக நிற்க வேண்டும். அவர் நூலை என் நகத்தின்மேல் தடவிக்கொண்டே கொண்டுவருவார். நகம் முடிகிற இடத்தில் நூல் காதுக்குள் போய்விடும். முடிச்சை அவரே போடுவார். அந்த நூலின் மறுமுனையில் ஒரு வளையம் கட்டிவிட்டால், ஆற்றில் அதைத் தடவிப் பார்த்துத் தூண்டில் நூலில் மாட்டிக்கொள்ளலாம். முதல் தடவை நூல் உள்ளே போனபோது, "போயிடுச்சு! போயிடுச்சு!" என்று இரண்டு பேரும் கூச்சல் போட்டதில் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

அவ்வளவு இறுக்கிப் பிடித்தால் மூட்டு சும்மா இருக்குமா? ஞாயிறு, திங்களெல்லாம் கட்டைவிரல் விண்விண் என்று தெறிக்கும். தேங்காய் துருவ முடியாது, துணி பிழிய முடியாது. நான் சொல்லவில்லை. சொன்னால் ஆற்றை விட்டுவிடுவார். போகட்டும், விரல்தானே என்று இருந்துவிட்டேன்.

கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. மீன் இழுத்தால் சில பூச்சி அறுந்துபோகும், சனிக்கிழமை புதிதாகக் கோர்ப்போம். அப்புறம் மீனே வரவில்லை. கட்டிக்கொண்டு போன பூச்சிகள் அப்படியே திரும்பி வந்தன. கோர்க்கிற வேலையும் இல்லாமல் போனது. என் விரலுக்கு ஓய்வு கிடைத்த சந்தோஷத்தில் அவரைக் கிண்டல் பண்ணுவேன். "கைராசி போயிடுச்சுங்க உங்களுக்கு. செபாரா மீனெல்லாம் உங்களைப் பார்த்தா கெக்கெக்கேன்னு சிரிக்குது."

"சிரிக்கட்டும்லா" என்பார்.

அப்படி ஒரு ஞாயிறு, தம்பி காடியில் தூங்கிக்கொண்டிருந்தான். கோப்பியை ஊற்றி எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓரம் இறங்கினேன். அவர் கோலை வீசிக்கொண்டிருந்தார். நூல் எனக்கு முன்னால் வளைந்து போய் விழுந்தது. எடுத்து மறுபடி வீசினார். நுனியில் ஒன்றும் இல்லை. பூச்சி அவர் தொப்பித் துணியில் குத்தியிருந்தது.

"என்னங்க, வெறும் நூலை வீசுறீங்க? மாட்ட மறந்துட்டீங்களா?"

அவர் கை நின்றது.

"மறக்கல. நான்தான் கழட்டி வச்சேன்."

"இன்னிக்கா?"

தொப்பியில் குத்தியிருந்த பூச்சியை விரலால் தடவிக்கொண்டார். இத்தனை ஞாயிறும் மீன் வராதது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

"மீன் பிடிச்சா பூச்சி அறுந்து போகுது" என்றார். "அறுந்தா மறுபடி உன் கட்டைவிரலைக் கேக்கணும். கடைசியா கோத்தப்போ அது என் விரலுக்கடியில எப்படி வெட்டி வெட்டி இழுத்துச்சு! நீ வாயத் தொறக்கல. எனக்குக் கண்ணுதான் போச்சு, விரல் இருக்குலா."

நான் அழுதுவிட்டேன். மறைக்கவில்லை, தண்ணீர் ஓரத்தில் நின்றுகொண்டே அழுதேன். அழுகையோடு கோபமும் வந்தது. "அப்போ எதுக்கு இவ்ளோ தூரம் வரணும்? சும்மா காத்துல வீசவா?"

"வெறும் நூல்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. அங்க உக்காந்து, அவரு மீன் பிடிக்கிறாருன்னு நீ நெனச்சுக்கிட்டு இருந்தே. அதுவே எனக்கு மீன் பிடிக்கிற மாதிரிதான் இருந்துச்சு."

"நான் பார்க்கல. ஒன்னும் பார்க்கல. நீங்க வீசுங்க. நான் போய் உக்காந்துக்கிறேன்" என்று கெஞ்சினேன்.

"இனிமே தெரியும்லா உனக்கு" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. நூலைச் சுற்றினார். கோலை இரண்டாகக் கழற்றினார். என் தோளில் கை வைத்து, "போலாம்" என்றார். கல்லில் தடுக்காமல் அவரைக் கரைக்கு ஏற்றினேன்.

அடுத்த ஞாயிறு தம்பி வாசலில் வந்து ஹார்ன் அடித்தான். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"இடுப்பு வலின்னு சொல்லு" என்றார்.

வெளியே போய்ச் சொன்னேன்.

"எப்போலேருந்துக்கா?" என்றான் தம்பி.

"போன வாரத்துலேருந்துதான்" என்றேன்.