சாகாத சுண்டெலி

இண்டூரில் ஒரே வாரத்தில் நான்கு மாடுகள் கால் மடங்கி விழுந்து செத்தன. பாம்புக்கடி என்று ஊரே சொன்னது. கெட்டுப்போன தீவனத்தில் கிருமி உண்டாக்கும் போட்டுலினம் என்ற நச்சு இருக்கலாம் என்று நான் சொன்னதற்கு எங்கள் கால்நடை ஆய்வக அதிகாரி சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தீவனச் சாற்றை இரண்டு சுண்டெலிகளுக்கு ஊசியில் ஏற்றினேன். ஒன்றுக்கு மட்டும் அந்த நச்சுக்கான முறிமருந்தையும் போட்டேன்.

மறுநாள் மாட்டுக்காரர் போன் செய்தார். "எலிங்க செத்துப்போச்சுங்களா?"

"ஒண்ணு செத்துருச்சுங்க. முறிமருந்து போட்டது ஓடியாடுது."

"அப்போ தோத்துட்டமுங்களா?" அவர் குரல் இறங்கிவிட்டது.

"ஜெயிச்சிட்டமுங்க! எந்த விஷத்துக்கும் எலி சாகும். இந்த மருந்துக்கு அடங்குறது இந்த ஒரு விஷந்தான். அந்தத் தீவனத்த இனி மாட்டுக்குக் காட்டாதீங்க!"

அதிகாரியின் மேசையில் நான் அறிக்கையை வைக்கவில்லை. கூண்டையே வைத்தேன். உள்ளே எலி பொட்டுக்கடலை கொறித்துக்கொண்டிருந்தது.