திரைக்கு உள்ளே இருந்து வந்த பதில்

எங்கள் ஊரான மடவளையில் நிக்காஹ் நாளில் மணப்பெண் உள்ளறையில் திரைக்குப் பின்னால் இருப்பாள். நிக்காஹ் நடத்திவைக்கும் லெப்பை திரைக்கு வெளியே நின்று சம்மதம் கேட்பார். அவள் பேசாமல் இருந்தால் சம்மதம். அழுதாலும் சம்மதம்தான். எந்தப் பெண்ணும் வாய் திறந்து பதில் சொல்லி நான் கேட்டதில்லை, எனக்கு மூத்தவளான என் ராத்தாவின் நிக்காஹ் வரை.

மாப்பிள்ளை கட்டுகஸ்தோட்டையில் கடை வைத்திருந்தவர். எங்கள் வாப்பாவின் வயது. அன்று நான் ராத்தாவின் கையைப் பிடித்தபடி பக்கத்தில் இருந்தேன்.

"மகள், ஒனக்கு சம்மதமா?" என்றார் லெப்பை.

"இல்ல. எனக்கு விருப்பமில்ல," என்றாள் ராத்தா. கத்தவில்லை. சோறு வேண்டாம் என்பதுபோலச் சொன்னாள்.

உம்மா பாய்ந்து அவள் வாயைப் பொத்தினார்.

"அது வேற யாரோ புள்ளட சத்தம். திரும்பக் கேளுங்க," என்றார் வாப்பா.

லெப்பை திரும்பக் கேட்டார். ராத்தா திமிறினாள், கடித்தாள். உம்மா கையை எடுக்கவில்லை.

"பேசாமத்தானே இருக்கிறா. சம்மதம்தான்," என்றார் வாப்பா.

அஸர் தொழுகைக்கு முன்பே அவளைத் திரை கட்டிய மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

அதன்பின் எங்கள் வீட்டில் பெண்ணைக் கேட்பதையே விட்டுவிட்டார்கள். வாப்பா சொன்னால் போதுமாம். என் நிக்காஹ்வின்போது திரைக்கருகே யாரும் வரவில்லை. வெளியே ஆண்கள் ஆமீன் சொல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

"எனக்கு விருப்பமில்ல," என்று நான் உரக்கச் சொன்னேன்.

உம்மா என்னைப் பார்த்தார். பல் பதிந்த தழும்புள்ள கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

எனக்கும் வண்டி வந்தது. ஆனால் நான் சம்மதித்தேன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.