கெல்சென்கிர்ச்சனில் வெளியூர்க்காரிக்குக் கிடைத்த வேலை

1997 கோடையில் ஒரு சனிக்கிழமை ஜெர்மனியின் வடமேற்கில் இருக்கும் கெல்சென்கிர்ச்சனுக்குக் கிளம்பினோம். தெற்கே வால்டோர்ஃபில் என் கணவருக்கு மென்பொருள் வேலை. எனக்கோ சென்னையில் படித்த ஜெர்மன் மொழியும் நிறையப் பொழுதும் இருந்தன. ரயிலில் பழக்கமான யாழ்ப்பாணத்துச் சாந்தி அக்கா, அந்த ஊரில் இருக்கும் தங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு டாக்டர் வரும் நாளில் வந்து பார்க்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வார இறுதிச் சீட்டு முப்பத்தைந்து மார்க். விரைவு வண்டியில் ஏற முடியாது என்பதால் மைன்ஸ், கோப்லென்ஸ், கொலோன் என்று மாறி மாறிப் போக ஏழு மணிநேரம் ஆனது. ரைன் நதியோரக் கோட்டைகளை நான் பார்த்தேன். என் கணவர் கோப்லென்ஸ் வரை தூங்கினார், அதற்குப் பிறகும் தூங்கினார்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, நகரச் சுகாதார அலுவலகம் டாக்டரைச் சங்க மண்டபத்துக்கு அனுப்பும். நாள், இடம், மொழிபெயர்ப்பவர் எல்லாம் சங்கத்தின் முடிவு. டாக்டர் வேபர் என்ற அந்தப் பெண் ஆஸ்திரேலியாவில் பழங்குடி மக்கள் தாங்களே நடத்தும் மருத்துவ நிலையங்களில் வேலை செய்தவர். "அங்கே நான் விருந்தாளி, இங்கேயும் அப்படித்தான்" என்றார். மொழிபெயர்ப்பவர் சங்கத்து ஆளாகவே இருக்க வேண்டும் என்று அலுவலகத்தோடு மல்லுக்கட்டி வாங்கியவர் சாந்தி அக்கா. அந்த வேலையையும் அவரே பார்த்தார்.

மறுநாள் மண்டபத்தில் நல்ல கூட்டம். நான் சமையலறையில் தேநீர்க் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். டாக்டரின் அறை வாசல்வரை போய்ப் போய்த் திரும்பிய ஒரு பெண் என்னிடம் வந்தார்.

"நீங்கள் இஞ்சத்தை ஆள் இல்லைத்தானே?"

"இல்லைங்க, இந்தியா. வால்டோர்ஃபில இருக்கேன்."

"என்ர மார்பில ஒரு கட்டி இருக்கு. ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

கோப்பையைக் கீழே வைத்தேன். "சாந்தி அக்காகிட்ட சொல்லலாமே?"

"அவ நல்லவ. ஆனா அவவின்ர தங்கச்சி மகனுக்குத்தான் என்ர மகளைக் கலியாணம் பேசியிருக்கு. தாய்க்கு இப்பிடியொரு வருத்தம் எண்டால் எடுப்பினமோ? உங்களுக்கு ஜெர்மன் தெரியுமாம், மொழிபெயர்க்க நீங்கள் உள்ளுக்கு வாறியளோ?"

எனக்குக் கோபமாக வந்தது. கல்யாணப் பேச்சைவிட உயிர் சின்னதா? ஆனால் எங்கள் ஊரிலும் இதேதான் நடக்கும். சாந்தி அக்காவிடம் போய், "ஒருத்தர் என்னோட உள்ளே போகணும்கிறாங்க" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. போராடி வாங்கிய இடம் அல்லவா! பிறகு எழுந்தார்.

"ஆர் எண்டு எனக்குச் சொல்லாதேங்கோ. நான் குசினிக்குள்ள நிக்கிறன், முடிஞ்சாப் பிறகு கூப்பிடுங்கோ."

போய்ச் சமையலறைக் கதவையும் சாத்திக்கொண்டார். உள்ளே டாக்டர் சோதித்துப் பார்த்து, அந்த வாரமே மருத்துவமனைக்குப் போக டேர்மின், அதாவது நாளும் நேரமும், எழுதிக் கொடுத்தார். மாலையில் சாந்தி அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: "டேர்மின் கிடைச்சதோ?" கிடைத்தது என்றேன். பிறகு டாக்டரிடம் போய், "மொழிபெயர்ப்பவரை நாங்கள்தான் தெரிவு செய்வோம். ஆனால் இனி ஒருவர் வேறு நகரத்திலிருந்தும் வருவார்" என்று ஜெர்மனில் சொன்னார். அவர் மேல் எனக்கு அன்றுதான் பெரிய மரியாதை வந்தது.

இதுபோன்ற இடங்களுக்குப் போகிறவர்கள் சங்கத்திடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். படம் எடுக்க வேண்டாம். சமையலறையில் ஒரு கை கொடுத்தால் போதும், தேவையென்றால் அவர்களே கூப்பிடுவார்கள். அந்த வார இறுதிச் சீட்டு இப்போது கிடையாது.

இதை எழுத அந்தப் பெண்ணே சம்மதம் தந்தார். அறுவை சிகிச்சை முடிந்து சில வாரம் கழித்துத் தொலைபேசியில் பேசினார். குரல் தெளிவாக இருந்தது.

"சாந்தி அக்காவுக்கு நானே சொல்லிப்போட்டன். ஆஸ்பத்திரியில எனக்குப் பக்கத்தில இருந்தது அவதான்."

"கல்யாணம்?" என்று தயங்கிக் கேட்டேன்.

"நான் சுகமாகி எழும்பி நடக்கட்டும் எண்டு கலியாண நாளைத் தள்ளி வைச்சிருக்கினம். அதுவும் அவ சொல்லித்தான்."